உட்கார்ந்திருக்கும் உத்தியோகம்

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்வதில் எது நடந்தது, எது என் வயிற்றெரிச்சல் என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

அவர் குடிக்க மாட்டார். அக்காவை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. எங்கள் ராயபுரத்துச் சந்தில் இந்த இரண்டும் உள்ள மாப்பிள்ளை விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்க மாட்டான் என்று அம்மா ஊரெல்லாம் பெருமையடிப்பாள். குடிப்பதென்றால் கடைவரைக்கும் நடக்க வேண்டும், அடிப்பதென்றால் கையை ஓங்க வேண்டும், அவராவது அதையெல்லாம் செய்வதாவது என்று நான் சொல்வேன். அம்மா என்னை முறைப்பாள். அக்கா சிரித்துவிடுவாள்.

மாமாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்கு யாராவது மாசாமாசம் சம்பளம் தர வேண்டும். எல்லாருக்கும் அந்த ஆசை கொஞ்சம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் நமக்கெல்லாம் அது பகல் கனவு, டீ ஆறுவதற்குள் கலைந்துவிடும். அவர் அதைப் படிப்பு மாதிரி படித்தார். தெருவில் போகும்போது எந்த உத்தியோகத்தில் எவ்வளவு வேலை ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கும்போது எல்லாரும் கேட் எப்போது திறக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். மாமா கேட் கீப்பரைப் பார்த்து உச்சுக் கொட்டுவார். "பாவம்ப்பா. நல்ல எடம், நல்ல சேரு. இன்னா பண்றது, ரயில் வருதே!" ஏடிஎம் வாசலில் தூங்கிவழியும் வாட்ச்மேனை ரொம்ப நாள் ராஜா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்த ஆள் ஒரு கிழவருக்குக் கதவைத் திறந்துவிடுவதைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து அக்காவிடம், "கதவு தொறக்கணுமாமே!" என்றார். துரோகம் செய்துவிட்டார்கள் என்பதுபோல் இருந்தது அந்தக் குரல்.

அவர் வேலைக்கே போகவில்லை என்று சொன்னால் பாவம். போனார். லோடு டெம்போவில் மூன்று நாள். இரும்புப் பட்டறையில் மத்தியானச் சாப்பாடு வரைக்கும். மீன்பிடி துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கப் போனவர் முதல் பெட்டியைத் தூக்கி, அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தார். எல்லா வேலையும் ஒரே மாதிரிதான் முடியும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சந்துக்குள் நுழைவார். "புட்ச்சிகிச்சி," என்பார். அக்கா எண்ணெய் காய்ச்சப் போவாள்.

ஒரு முறை கட்சிக் கூட்டத்துக்கு ஆள் பிடித்தார்கள். வேன் வரும், நாற்காலி உண்டு, பிரியாணிப் பொட்டலம் உண்டு, கையில் காசும் தருவார்கள். உட்கார்ந்திருந்தால் போதும் என்று ஏஜென்ட் சொன்னதும் மாமா தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினார். சாயங்காலம் திரும்பி வரும்போது முகம் தொங்கிப்போயிருந்தது.

"இன்னா மாமா, பிரியாணி நல்லால்லியா?" என்று கேட்டேன்.

"பிரியாணி சூப்பரு. ஆனா கைத்தட்டச் சொல்றானுங்க பாப்பா. தலைவரு வந்தா எழுந்து நிக்கணுமாம். அதெல்லாம் வேலதானே? மொதல்லியே சொல்லணுமா வேணாமா?"

அவர் நிஜமாகவே நியாயம் கேட்டார். தலைவர் வந்தபோது எழுந்து நிற்காததால் அடுத்த கூட்டத்துக்கு அவரை வேனில் ஏற்றவில்லை.

இந்த மனுஷனை வைத்துக் குடும்பம் நடத்தியவள் என் அக்கா. காசிமேட்டில் மீன் ஆய்ந்து கொடுப்பாள். மீன் வாங்குகிறவர்கள் கூடையோடு கொண்டுவந்து அவள் முன்னால் கொட்டுவார்கள். செதில் சீவி, செவுள் பிடுங்கி, துண்டு போட்டுப் பையில் போட்டுத் தருவாள். விடியும் முன்னே போய் உட்கார்ந்தால் வெயில் உச்சிக்கு வரும்வரை கத்தி ஓயாது. அவளும் உட்கார்ந்துதான் சம்பாதித்தாள் என்று வேண்டுமானால் மாமா சொல்லிக்கொள்ளலாம்.

குழந்தை இல்லை. அதைப் பற்றி அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவள் அழுதது குழாய்க்காகத்தான். எங்கள் சந்தில் தண்ணீர் லாரி வந்தால் யுத்தம் நடக்கும். அக்கா மார்க்கெட்டில் இருக்கும் நேரத்தில்தான் லாரி வரும். மாமா வீட்டில்தான் இருப்பார், குடமும் வாசலில்தான் இருக்கும், ஆனால் இரண்டும் சேராது. வீட்டுக்காரம்மா வேறு இரண்டு மாசத்துக்கு ஒரு முறை, காலி பண்ணு என்பாள்.

"ஒரு ரூமு, உள்ளயே ஒரு கொழா. எழுந்து போன்னு எவளும் சொல்லக் கூடாது. அது போதும்டி எனக்கு," என்பாள் அக்கா. நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. இதை மட்டும் திருவிழாவுக்குப் போனால் அம்மனிடம் கேட்பாள், சண்டை வந்தால் மாமாவிடம் கேட்பாள்.

அம்மன் கேட்டுக்கொண்டாளோ என்னவோ, அண்ணாச்சி வந்தார். கயிறும் சாக்கும் மொத்த வியாபாரம் செய்கிற தெற்கத்திக்காரர். அவர் வீட்டுக்கு அக்காதான் மீன் ஆய்ந்து கொடுத்தனுப்புவாள். அவருக்கும் அவர் தம்பிக்கும் திருவொற்றியூரில் ஒரு குடோனுக்காக கோர்ட்டில் வழக்கு. குடோன் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம்தான் தராசு சாயும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதற்கு ஒரு ஆள் உள்ளே குடியிருக்க வேண்டும். பொசஷனுக்கு ஆள் உட்கார வைப்பது என்பார்கள். எங்கள் பக்கம் இது பழைய வழக்கம்தான்.

அக்காதான் மாமாவை அழைத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன்.

"நீ ஒண்ணும் செய்யாண்டாம். உள்ள இருந்தாப் போதும்," என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணுமேவா?" என்று கேட்டார் மாமா.

"ஒண்ணுமே. சம்பளம் மாசம் பொறந்தா வீடு தேடி வரும்."

மாமாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அந்தக் களை இல்லை. அக்கா மட்டும் சுதாரிப்பாகக் கேட்டாள்: "கேஸு முடிஞ்சதும் எழுப்பி உட்ருவீங்களா அண்ணாச்சி?"

அண்ணாச்சி குடோனின் பின்பக்கத்தைக் காட்டினார். ஓடு வேய்ந்த ஓர் அறை. சுவரை ஒட்டி ஒரு குழாய். திருகினார், தண்ணீர் வந்தது. "செயிச்சா இது ஒங்க ரெண்டு பேருக்கும். சாவுற மட்டும் இருந்துக்கிடுங்க. எவனும் எழுப்ப மாட்டான். இது நான் சொல்லுத வாக்கு."

அக்கா குழாயைத் தானே ஒரு முறை திறந்து மூடிப் பார்த்தாள். அப்புறம் புடவைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டாள்.

இப்படித்தான் மாமா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. கேட்டுக்கு உள்ளே, வேப்பமரத்து நிழலில். வெளியே ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு முறை வைத்து நிற்கும். உப்புக்காற்றும் டீசல் புகையும் சேர்ந்து முகத்தில் அப்பும். அவர் அதற்கு விசிறிக்கொள்ளக்கூட மாட்டார்.

ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பது அவ்வளவு சுலபமில்லை. வக்கீல் குமாஸ்தா ஒருவர் வந்து விவரமாகச் சொன்னார். ஆள் இருந்தால் மட்டும் பத்தாது, குடும்பம் நடக்க வேண்டும். அடுப்பு புகைய வேண்டும். கொடியில் துணி காய வேண்டும். பொழுது சாய்ந்தால் விளக்கு எரிய வேண்டும். கோர்ட்டிலிருந்து கமிஷனர் ஒருவர் என்றைக்கு வேண்டுமானாலும் சொல்லாமல் வந்து பார்ப்பார். அப்போது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரில் ஒருவர் உள்ளே இருந்தாக வேண்டும். வேறு யார் இருந்தாலும் செல்லாது.

மாமா ஒரு பச்சைக் கட்டம் போட்ட லுங்கியைக் கொடியில் போட்டார். அதோடு சரி. வெயிலிலும் மழையிலும் அது அங்கேயே தொங்கியது. கடைசியில் அது வெளுத்துக் கிழிந்து நாராகத் தொங்குவதைத் தம்பி பக்கத்து ஆட்கள் போட்டோ எடுத்துக் கொடுத்து, கோர்ட்டில் வக்கீல்களெல்லாம் சிரித்தார்களாம். குமாஸ்தா வந்து கத்திவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அந்த வேலையும் அக்கா தலையில் விழுந்தது. மார்க்கெட் முடிந்து பஸ் ஏறித் திருவொற்றியூர் வருவாள். அடுப்பு மூட்டுவாள். துவைப்பாள். துவைக்கத் துணி இல்லாத நாளில் துவைத்ததையே நனைத்துப் போடுவாள். விளக்கேற்றுவாள். அவள் வந்த பிறகுதான் மாமா ஒதுங்கவே எழுந்திருப்பார். ஒரு மனுஷன் சும்மா இருப்பதற்கு இன்னொரு மனுஷி இத்தனை வேலை செய்ய வேண்டியிருந்தது.

"உனக்கே இது நாயமா படுதா?" என்று நான் சண்டை பிடித்தேன்.

"அவரு குந்தினு கீறதாலதான்டி கொழா நமக்கு வருது," என்றாள். "ஊர்ல அவனவன் குட்ச்சிட்டு எங்கியோ உழுந்து கெடக்கறான். என் புருசன் எங்க கீறாருன்னு எனுக்குத் தெரியும்."

எனக்கு இன்னமும் ஆச்சரியம் என்னவென்றால், எந்த வேலையிலும் ஒரு நாள் தரிக்காத மனுஷன் இந்த வேலையில் ராணுவ வீரனைப்போல் இருந்தார். தம்பி பக்கத்து ஆட்கள் கேட்டுக்கு வெளியே பிரியாணி வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பட்டாசு கொளுத்திப் போட்டார்கள். மாமா அசையவில்லை. ஒரு நாள் நாலு தடியன்கள் வந்து அவரை நாற்காலியோடு தூக்கி ரோட்டில் வைத்துவிட்டார்கள். அவர் ரோட்டிலும் உட்கார்ந்தே இருந்தார். பின்னால் டிரெய்லர் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். முன்னால் கூட்டம் கூடிவிட்டது. எழுந்திரு பெரியவரே என்று ஆளாளுக்குக் கெஞ்சுகிறார்கள். "எழுந்தா உட்டுக் குட்த்தா மாரி ஆய்டும்," என்றாராம்.

அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி இதைப் பார்த்திருக்கிறாள். கூடையில் இருந்த மீன் கத்தியை உருவிக்கொண்டு, "எவன்டா அவன், வாங்கடா!" என்று போய்க் கேட்டில் நின்றாள். ரத்தமும் செதிலும் அப்பிய கத்தி. தடியன்கள் பின்வாங்கிவிட்டார்கள். அவளே நாற்காலியைத் தூக்கி உள்ளே மரத்தடியில் போட்டாள். மாமா நடந்துவந்து உட்கார்ந்தார்.

அண்ணாச்சிக்கு விஷயம் போய் ஓடிவந்தார். மாமாவின் தோளில் தட்டி, "இவன்லா ஆளு!" என்றார். அக்காவைப் பார்த்து, காபி கிடைக்குமா என்று கேட்டார்.

ஆவணிக் கடைசியில் அக்காவுக்குக் கெளுத்தி முள் குத்தியது. மீன் ஆய்கிற கைக்கு முள் குத்தாத நாளே இல்லை. ஆனால் அவளுக்குச் சர்க்கரை இருந்தது. மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டு மறுநாளும் மார்க்கெட்டுக்குப் போனாள், மறுநாளும் குடோனில் துவைத்தாள். விரல் கறுத்தது. மாமா அதைப் பார்த்தார், பார்க்காமல் என்ன. "ஆஸ்பத்திரிக்குப் போ," என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னார். நான் இழுத்துக்கொண்டு போய் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் வீக்கம் முழங்கையைத் தாண்டிவிட்டது. முதலில் விரலை எடுத்தார்கள். அப்புறம் கையை எடுக்க வேண்டும் என்றார்கள்.

நான் நேராகத் திருவொற்றியூர் போனேன். "எழுந்து வா மாமா. அவ உன்னப் பாக்கணும்னு கீறா. நீ வர்ற வரிக்கும் நான் இங்க குந்துறேன்."

"நீ குந்துனா செல்லாது பாப்பா. இந்த வாரம் கமிஷனர் வருவாருன்னு குமாஸ்தா சொல்லிக்கீறாரு. நான் எழுந்து வந்து, அந்த நேரம் பாத்து அவரு வந்துட்டா, அவளோட கொழா பூடும். அப்பறம் அவ மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

அழுதுகொண்டேதான் சொன்னார். தாரை தாரையாகக் கண்ணீர் வந்தது. அழுவதற்கு எழுந்திருக்க வேண்டியதில்லையே.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியோடு அவரைக் கவிழ்த்துவிட்டிருப்பேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் காய்ச்சலில் உதடு வெடித்துக் கிடந்தாள்.

"அவர எழுப்பாதடி," என்றாள். "சரியாத்தான் சொல்லிக்கீறாரு. நான் டிஸ்சார்ஜ் ஆயி நேரா அந்த வூட்டுக்குத்தான் போவேன்."

கையை எடுக்கும் முன்பே போய்விட்டாள்.

போனில் சொன்னேன். லாரி ஹாரன்தான் கேட்டது. அப்புறம் மாமா, "பாடிய இங்க எட்த்துக்கினு வா," என்றார். "எங்க வூடு இது. இங்கேருந்துதான் எடுக்கணும்."

ராயபுரத்திலிருந்து மூலக்கொத்தளம் சுடுகாடு எட்டிப்பிடிக்கிற தூரம். பிணத்தைத் திருவொற்றியூர்வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதா? என் வீட்டுக்காரர் மாட்டேன் என்றார். நான்தான், நேராக அந்த வீட்டுக்குத்தான் போவேன் என்று அவள் சொன்னதை நினைத்துச் சம்மதிக்க வைத்தேன். மாமா ஏன் கேட்டார் என்பது போன பிறகுதான் விளங்கியது.

கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டிருந்தது. சாவுமேளம் வந்திருந்தது. அக்கா படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனில் ஏற்பாடு செய்தது. பேனரில் அக்கா பேரைவிட குடோன் விலாசம் பெரிய எழுத்தில் இருந்தது.

"வெலாசத்த நல்லா பெர்சா போடச் சொன்னேன்," என்று மாமா என் காதில் சொன்னார். கண் சிவந்து வீங்கியிருந்தது. "சாவு எட்த்த வூடுன்னா ஊரே சாட்சி சொல்லும். இதவிட இன்னா அத்தாட்சி வேணும் கோர்ட்டுக்கு? பாவம், போயும் நமக்கு ஒரு நல்லது பண்ணிட்டுப் போயிருக்கா."

அந்தப் பின்பக்கக் குழாயில்தான் தண்ணீர் பிடித்து அக்காவைக் குளிப்பாட்டினோம். நல்ல வேகமாக வந்தது தண்ணீர். குடம் குடமாக ஊற்றினோம், நிற்கவே இல்லை. மஞ்சள் பூசிய முகத்தில் அது வழிந்தபோது நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

பாடையில் வைத்துக் கட்டியாகிவிட்டது. அப்போது ஒரு கார் வந்து நின்றது. அண்ணாச்சி மாலையோடு இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்து அவர் தம்பியும் மாலையோடு இறங்கினார். மாமா என் கையைச் சுரண்டி, "பாத்தியா, தம்பிகாரனே கண்ணால பாத்துட்டான்," என்றார். தம்பி அண்ணாச்சியின் முழங்கையைப் பிடித்துச் சாக்கடையைத் தாண்டவைத்ததை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

மாலை போட்டுவிட்டு வந்தவரை மடக்கிக் கேட்டேன். "இன்னா அண்ணாச்சி, ஒண்ணா வந்துக்கீறீங்க?"

"அது ஆடியிலயே பேசி முடிச்சாச்சு தாயி," என்றார் அண்ணாச்சி. "ரத்த ஒறவுல்லா. கோர்ட்டுலயும் எழுதிக் குடுத்தாச்சு. எடத்தை கண்டெய்னர்காரனுக்கு வெலை பேசியிருக்கோம்."

"மாமாகிட்ட சொல்லவேல்லியே?"

"பத்திரம் பதியுத வரைக்கும் ஒரு ஆளு உள்ள கெடந்தா நல்லதுதானன்னு விட்டுட்டோம். குமாஸ்தாகிட்டயும் அப்படியே பாத்துக்கிடச் சொன்னேன்."

மாமா நாற்காலியில் இருந்து நிமிர்ந்து பார்த்தார். "அப்ப கமிஷனரு?"

"எந்தக் கமிஷனரு?" என்று தம்பி அண்ணனைக் கேட்டார்.

"அந்த ரூமு அண்ணாச்சி? கொழா?" என்றார் மாமா.

அண்ணாச்சி பாடையைப் பார்த்துக் கும்பிட்டார். "பொணத்த வச்சிக்கிட்டுப் பேசுத பேச்சாடே இது?" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு நின்றார்கள். மாமா என்னைப் பார்த்தார். அப்படியொரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்ப நான் இத்தினி நாளா ஒண்ணுமே செய்யலியா பாப்பா?"

"ஒண்ணுமே செய்யல மாமா," என்றேன். "அதுக்குத்தான சம்பளம்."

அவர் எழுந்தார். யாரும் கூப்பிடாமல், கை ஊன்றாமல், சட்டென்று எழுந்தார். நேராகப் பாடையிடம் வந்து, தலைமாட்டுப் பக்கத்து மூங்கிலில் தோள் கொடுக்கக் குனிந்தார். மற்ற மூன்று பேரும் தூக்கத் தயாராக இருந்தார்கள்.

நான் அவர் கையை மூங்கிலிலிருந்து எடுத்துவிட்டேன்.

"நீ குந்து மாமா," என்றேன். "நாங்க பாத்துக்கறோம்."

என் வீட்டுக்காரர் அந்த மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார். மேளம் அடிக்க ஆரம்பித்தது. அக்கா கேட்டைத் தாண்டிப் போனாள். நான் திரும்பிப் பார்த்தபோது மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.